32 அங்குல டயர் கேட்கும் கூலி

பிப்ரவரி 8, 2025, சனி

வண்டி 2015 போலாரிஸ் ரேஸர் எக்ஸ்பி 1000, காடுமேடு ஓட்டும் நாலு சக்கர வண்டி, இரண்டு இருக்கை. ஓடப்போவது யூட்டாவில், மோவாப் சுற்றுவட்டாரப் பாறைகளில். கம்பெனி கொடுத்த 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 32x10-15 (உயரம் 32, அகலம் 10, ரிம் 15 அங்குலம்) ஏற்றுவதுதான் வேலை.

முதலில் கணக்கு. டயர் 3 அங்குலம் பெரிதானால் வண்டி உயர்வது அதில் பாதி, ஒன்றரை அங்குலம்தான். கியர் விகிதமோ 32/29 என்று பத்து சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடும். சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து பவுண்டு எடையும் கூடும், அதுவும் சுற்றுகிற எடை. வண்டியைக் கிளப்பும்போதும் உறைக்கும், பிரேக் பிடிக்கும்போதும் உறைக்கும். ஒன்றரை அங்குலத்துக்கான கூலியைப் பெல்ட் (இன்ஜின் சக்தியைக் கடத்தும் ரப்பர் பட்டை), டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பவும் மேலே கீழே அசையவும் விடும் உருண்டை மூட்டு), வீல் பேரிங் எல்லாம் சேர்ந்து கட்டவேண்டும். பலர் லைட் பாரும் ஸ்பீக்கரும் வாங்கிவிட்டு மிச்சக் காசில் கிளட்ச் பக்கம் வருகிறார்கள். தலைகீழாகச் செய்யவேண்டியது.

ரிம் வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்கவும். போல்ட் அமைப்பு இந்த வண்டிக்கு 4x156. கேன்-ஆம் மேவரிக் ரிம் 4x137, மாட்டவே முடியாது. அடுத்தது ஆஃப்செட், அதாவது போல்ட் முகத்துக்கு உள்ளும் வெளியும் ரிம் எவ்வளவு என்பது. 7 அங்குல ரிம்மில் 5+2 என்றால் உள்பக்கம் 5, வெளிப்பக்கம் 2. அதே ரிம் 4+3 ஆனால் ஒவ்வொரு சக்கரமும் ஓர் அங்குலம் வெளியே போகும். பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கும்; பேரிங் மேல் விழும் நெம்பு அதிகம். 5+2 போதும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டயர் உரசுகிறதா என்று வண்டியைத் தரையில் நிறுத்திப் பார்த்துப் பயனில்லை. முன் ஷாக்குகளிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஜாக்கியால் சக்கரத்தை மேலே முட்டும்வரை தூக்கவும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இடம், வலம் கடைசிவரை திருப்பவும். உரசும் இடம் அப்போதுதான் தெரியும். பிளாஸ்டிக் உரசினால் வெட்டலாம், இல்லை ஹீட் கன்னால் மடக்கலாம். பிரேக் ஹோஸ் உரசினால் வேறு டயர், வேறு ரிம்.

பிப்ரவரி 22, சனி

டை ராட். சக்கரம் முழுக்கத் திரும்பியிருக்கும்போது பாறையில் இடித்தால் முதலில் வளைவது இதுதான். பெரிய டயரின் நெம்பு நீளம், அதனால் இடியும் பெரிது. தடித்த ராடாக மாற்றியாயிற்று. ஆனால் ராடை மட்டும் இரும்பு உலக்கையாக்கினால் அடி அடுத்தபடியாக ராடைத் தள்ளி இழுக்கும் ஸ்டியரிங் ரேக்குக்குப் போகும். ராட் வளைவது மலிவான நஷ்டம், ரேக் போவது விலையுயர்ந்த நஷ்டம். எனவே நடுத்தரமான ராட், வண்டியில் எப்போதும் ஒரு ஸ்பேர்.

மாற்றியபின் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம், பார்க்கவேண்டும். சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவைத்து, முன் டயர் இரண்டிலும் நடுவில், அச்சு உயரத்தில் சாக்பீஸ் குறி. முன்பக்கம் குறிக்குக் குறி அளந்துகொண்டு, சக்கரம் அரைச்சுற்று சுற்றும்வரை வண்டியை உருட்டி, அதே குறிகளைப் பின்பக்கம் அளக்கவும். முன் அளவு 1/8 முதல் 1/4 அங்குலம் வரை கூடுதலாக இருக்கவேண்டும், அதாவது டோ அவுட். இரண்டு பக்க ராடையும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டியரிங் வீல் நேராக நிற்கும்.

மார்ச் 1, சனி

கிளட்ச். இதில்தான் நேரம் போகும், போகட்டும்.

இந்த வண்டியில் இன்ஜின் பக்கம் முன் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பின் கிளட்ச், நடுவே பெல்ட். முன் கிளட்சில் உள்ள வெயிட்டுகள் இன்ஜின் வேகத்தில் வெளியே வீசப்பட்டுத் தட்டுகளை நெருக்கும், பெல்ட் மேலேறும். பெரிய டயர் போட்டதும் இன்ஜின் முக்கும். முழு ஆக்சிலேட்டர் கொடுத்தும் ஆர்பிஎம் உச்ச சக்தி கிடைக்கும் இடத்துக்குக் கீழேயே நின்றுவிடும். மருந்து, வெயிட்டில் கிராம் குறைப்பது. பெல்ட் ஏறுவது தாமதமாகி ஆர்பிஎம் மேலே வரும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரில் முட்டும், தட்டுகளின் பிடி தளர்ந்து பெல்ட் வழுக்கும். பின் கிளட்சுக்குக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங். ஏற்றத்தில் விகிதம் சட்டென்று இறங்கி உதவும்.

உயரத்தையும் மறக்கக்கூடாது. மோவாப் சுமார் 4,000 அடி, லா சால் கணவாய் 10,000 அடிக்கு மேல். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீத சக்தி குறையும் என்று வைத்தால் மேலே போகும்போது 18 சதவீதம் போச்சு. அதிகம் ஓட்டும் உயரத்துக்கே கிளட்ச் கிட் (வெயிட், ஸ்பிரிங் தொகுப்பு) வாங்கவும்.

பெல்ட் மாற்றும் முறை: கவரைக் கழற்றி, பின் கிளட்சின் துளையில் விரிக்கும் டூலைத் திருகித் தட்டுகளை விரித்து, பெல்ட்டை வெளியே எடுக்கவும். தூசியைக் காற்றால் ஊதவும், முகமூடி கட்டாயம். தட்டுகளை ஸ்காட்ச்-பிரைட்டால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும். பழைய பெல்ட் பிய்ந்து போயிருந்தால் முன் கிளட்சின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தே ஆகவேண்டும். அங்கே சுற்றிக்கிடக்கும் நூல் கிராங்க் சீலை அறுத்துவிடும், பிறகு எண்ணெய் கசிந்து புதுப் பெல்ட்டும் வழுக்கும். புதுப் பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கிரீஸ் இல்லாத கையால் மாட்டவும்.

மார்ச் 8, சனி

புதுப் பெல்ட் பழக முதல் 30-50 மைல் பாதி ஆக்சிலேட்டர் தாண்டக்கூடாது. ஒரே வேகத்திலும் ஓட்டக்கூடாது. கவருக்குள் வைத்த இன்ஃப்ராரெட் சென்சார் பெல்ட்டின் சூட்டைக் காட்டுகிறது. 180 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கவலையில்லை. 200 தாண்டினால் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஆர்பிஎம் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் கிளட்சே காற்றை இழுத்து ஆற்றிக்கொள்ளும்.

பாறை ஏறுகையில் எப்போதும் லோ கியர். ஹையில் போட்டு, சக்கரம் நகராமல் ஆக்சிலேட்டர் மிதித்தால் முன் கிளட்ச் ஒரே இடத்தில் பெல்ட்டைத் தேய்த்து, இடுப்பு சிறுத்த மணற்கடிகார வடிவில் குழிவிடும். அந்தத் தழும்பு விழுந்த பெல்ட் அப்புறம் தடதடவென்று அதிரும். மாற்றுவதுதான் வழி.

மார்ச் 15, சனி

இப்போது லைட் பார். 300 வாட், 13.5 வோல்ட்டில் 22 ஆம்பியர். போகவர 20 அடி வயருக்கு 14 கேஜ் போட்டால் 1.1 வோல்ட் வழியிலேயே தொலையும்; 10 கேஜில் 0.45. எனவே 10 கேஜ், 40 ஆம்பியர் ரிலே, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 30 ஆம்பியர் பியூஸ். டாஷ் ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். எர்த்தைப் பெயின்ட் அடித்த கூண்டுச் சட்டத்தில் பிடிக்காமல் பேட்டரிக்கே கொண்டுவரவும். எல்லாம் போட்டு ஐடிலில் மல்டிமீட்டர் 13-க்குக் கீழே காட்டினால் பேட்டரி கரைகிறது என்று பொருள்.

மார்ச் 29, சனி

நாலு முனை சீட் பெல்ட் போடுகிறவர்களுக்கு: தோள் பட்டை பின்னால் போகும் இடம் தோள் மட்டத்தில், அல்லது அதற்கு 20 டிகிரிக்குள் கீழே இருக்கவேண்டும். வண்டியின் தரைவரை கீழிறக்கிக் கட்டினால் கவிழும்போது முதுகெலும்பை அமுக்கும். எஸ்எஃப்ஐ 16.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தர முத்திரையுள்ள பட்டைக்கு ஆயுள் இரண்டு வருடம்.

கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டுக்குப் போனால் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி வேண்டும். சைலன்சர் 96 டெசிபலுக்குள். சைலன்சரை மாற்றுகிறவர்கள் ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் பாகம்) இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

ஏப்ரல் 5, சனி

ஓடிவந்தபின் சோதனை. வீல் நட்டு, டை ராட் லாக் நட்டு, சக்கரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் ஏ-ஆர்மின் போல்ட் எல்லாம் மறுபடி டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) இறுக்கம் பார்த்தாயிற்று. அளவு வண்டியின் மேனுவலில். சக்கரத்தைத் தூக்கி 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினேன். வலது முன்னில் மெல்லிய ஆட்டம். பிரேக்கை மிதித்தபடி ஆட்டியும் ஆட்டம் போகவில்லை, ஆக பேரிங் இல்லை, பால் ஜாயின்ட். மேலதா கீழதா என்று கம்பியால் நெம்பிப் பார்த்ததில் கீழது. புதியதை ஆர்டர் போட்டாயிற்று, இடதுக்கும் சேர்த்து.