பெர்ம் மட்டும் போதும் என்று முடிவெடுத்த பிறகு

முடி வெட்டுவது, கலர் போடுவது, ப்ளோ டிரை என்று எல்லா வேலையும் செய்துகொண்டிருந்த நான் இப்போது பெரும்பாலும் பெர்ம் மட்டும்தான், அதாவது லோஷன் போட்டு முடியை நிலையாகச் சுருளாக்கும் வேலை மட்டும்தான், செய்கிறேன். சலூனில் யாரும் விரும்பி எடுக்காத வேலை அது. நேரம் பிடிக்கும், லோஷன் நாற்றம் கையை விட்டுப் போகாது, கொஞ்சம் பிசகினாலும் முடி பாழ். பெர்ம் கேட்டு யாராவது வந்தால் ஆளாளுக்கு நழுவுவார்கள். எனக்கோ முடியைச் சுற்றிவைக்கும் குச்சி போன்ற ‘ராட்’டை உருவும்போது நேர் முடி சுருளாக வந்து விழுவதைப் பார்க்கப் பார்க்க ஆசை கூடிக்கொண்டே போனது. இதையே முழுசாகக் கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா லோஷன் பாட்டிலைத் தொடவே விடவில்லை. டம்மி தலையும் வெறும் தண்ணீரும்தான். சுற்று, அவிழ், மறுபடி சுற்று. பலரும் அலுத்துப்போய் விட்டுவிடும் இடம் இதுதான். ஆனால் பெர்மில் பாதி வேலை சுற்றுவதிலேயே முடிந்துவிடுகிறது. பிரித்தெடுக்கும் பகுதி ராட்டின் நீளத்தைவிட அகலமாக இருக்கக் கூடாது, ராட்டின் தடிமனைவிடக் கனமாகவும் இருக்கக் கூடாது. முடியின் நுனி, அதைச் சுற்றி மடிக்கும் மெல்லிய தாளான எண்ட் பேப்பருக்குள் முழுதாக அடங்க வேண்டும். ஒரு சில இழை மடங்கி உள்ளே போனாலும் அங்கே தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி விழும், அதை வெட்டித்தான் சரிசெய்ய முடியும். இழுத்துச் சுற்றவும் கூடாது: ஈர முடி நீளும், லோஷன் பட்டால் இன்னும் தளரும், இறுக்கம் தாங்காமல் அறுந்துவிடும். அப்புறம் சுற்றிய ராட்டை அவிழாமல் பிடிக்கும் ரப்பர். அது ராட்டின் மேல்பக்கத்தில் தட்டையாக உட்கார வேண்டும். முறுக்கிக்கொண்டு வேரை அழுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும், சில சமயம் முடியே அங்கே ஒடியும்.

கை பழகிய பிறகுதான் ரசாயனம். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைப் பக்கவாட்டில் கட்டிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். லோஷனில் உள்ள அம்மோனியம் தையோகிளைகோலேட் அந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அவிழ்க்கிறது; முடி ராட்டின் வடிவத்துக்கு வளைகிறது; நியூட்ரலைசரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு புது இடத்தில் மறுபடி பூட்டுகிறது. இது புரிந்த நாளிலிருந்து நான் கடிகாரத்தை மட்டும் நம்புவதில்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் ஒரு எல்லை, அவ்வளவுதான். ஒரு ராட்டை ஒன்றரைச் சுற்று அவிழ்த்து, இழுக்காமல் வேர்ப்பக்கம் மெல்லத் தள்ளிப் பார்ப்பேன். ராட்டின் அளவுக்குத் தெளிவான ‘எஸ்’ வளைவு விழுந்துவிட்டால் லோஷன் வேலை முடிந்தது.

நியூட்ரலைசருக்கு முன்னால் அலசுவதில் அவசரப்படவே கூடாது. ராட்டோடு குறைந்தது 5 நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். அடர்த்தியான முடி என்றால் அதற்கும் மேல். பிறகு ஒவ்வொரு ராட்டாகத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். லோஷன் மிச்சம் இருந்தால் பூட்டு சரியாக விழாது. தண்ணீர் மிச்சம் இருந்தால் நியூட்ரலைசர் நீர்த்துவிடும். சில நாளில் சுருள் தொங்கிப்போனது என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், அலசியதும் துடைத்ததும் அவசரமாக நடந்திருப்பது அடிக்கடி தெரியவரும்.

ஆனால் என்னை உண்மையில் பெர்ம்காரியாக ஆக்கியது முடியைப் படிக்கக் கற்றதுதான். முடியை நேராக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்சர் போட்ட முடியில் அந்தக் கந்தகப் பிணைப்புகளே மாறிப்போயிருக்கும். அதற்குப் பெர்ம் கிடையாது, பேச்சுக்கே இடமில்லை. உலோக உப்பு கலந்த சாயமோ மருதாணிக் கலவையோ பூசியிருந்தால் பெராக்சைடு பட்டதும் சூடேறி முடி கருகலாம். ப்ளீச் ஏறிய முடியை நனைத்து ஒரு இழையை இழுத்துப் பார்ப்பேன். ரப்பர் மாதிரி நீண்டு திரும்பவே இல்லை என்றால் லோஷனை எடுக்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் கழுத்துக்கு மேலே மறைவான ஒரு கற்றையில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, பதிலை அப்புறம் சொல்கிறேன். “வேண்டாங்க, இப்போ தாங்காது” என்று சொல்வது ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் பலர் முடி வளர்ந்த பிறகு என்னையே தேடி வந்தார்கள்.

சூடேற்றும் ராட் வைத்துச் செய்யும் டிஜிட்டல் பெர்மைத் தனியாகப் படித்தேன். அது வேறு கணக்கு. 1938-இல் ஆர்னால்ட் வில்லட் கொண்டுவந்த, சூடேற்றாமல் லோஷனால் சுருட்டும் கோல்ட் வேவ் (cold wave) வழியில் வந்த பெர்ம் ஈரத்தில்தான் நன்றாகச் சுருண்டு தெரியும். சூட்டுப் பெர்ம் காயக் காயத்தான் சுருள் காட்டும். வாடிக்கையாளர் காலையில் தலையை எப்படி உலர்த்துவார் என்று கேட்காமல் இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுப்பதில்லை.

இதில் இறங்க நினைக்கிறவர்கள் கையுறையை முதல் நாளிலிருந்தே போடுங்கள். தையோகிளைகோலேட் வகைகளால் தோல் அலர்ஜி வந்து தொழிலையே விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை வந்துவிட்டால் கொஞ்சம் பட்டாலும் கை வெடித்துவிடும்.

இப்போது என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது, மூன்றாவது முறை வருகிறவர்கள். அவர்களுக்கு வேரில் வளர்ந்த புது முடியில் மட்டும் லோஷன் போட்டு, பழைய சுருளுக்குப் பாதுகாப்புக் கிரீம் பூசிவிடுவேன். முதல் தடவையைவிட இதற்கு நிதானம் அதிகம் வேண்டும். எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடித்த வேலை அதுதான்.