சீட்டு வைத்த பக்கம்

"அடுத்த தடவை என்னிடம் ஏதாவது சொல்லணும்னா வாயால சொல்லுங்க." அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான். நான் புத்தகத்துக்குள் வைத்திருந்த மஞ்சள் சீட்டை நூலகக் கவுன்டரில் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். கத்தியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். வீட்டுப்பாடம் செய்யாத பையனிடம் வாத்தியார் பேசுகிற குரல்.

பதினான்கு வயது மகனுக்காக, குற்றவாளிகளைத் தானே கொன்று தண்டிக்கிற காமிக்ஸ் நாயகன் பனிஷரின் தொகுப்புகள் கேட்டு வந்தவர் அவர். "எதையும் படிக்க மாட்டேங்கிறான், இதையாவது படிக்கட்டும்" என்றார். அவருடைய கறுப்பு டி-ஷர்ட்டில் பனிஷரின் மார்பில் இருக்கும் அதே மண்டையோடு, வயிறு வரை இறங்கும் நீளப் பற்கள், குறுக்கே ஒரு நீலக் கோடு. போலீஸ்காரர்களை ஆதரிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிற கோடு. அதில் எனக்கொன்றும் இல்லை. ஆனால் 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான கேபிடல் கட்டடத்துக்குள் புகுந்த கும்பலிலும் அந்த மண்டையோடு இருந்தது. அதிலிருந்து, ஏதாவது ஒரு பிக்கப் வண்டியின் கண்ணாடியில் அதைப் பார்த்தால் நாலு இடம் தள்ளித்தான் காரை நிறுத்துகிறேன்.

சரி, வந்தவர் அந்தக் கும்பலைச் சேர்ந்தவர் என்று முடிவு செய்தேனா? இல்லை என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் சீட்டு எதற்கு?

சீட்டு வைத்தது 2019இல் வந்த பனிஷர் 13ஆம் இதழில். இரண்டு போலீஸ்காரர்கள் பனிஷரை அடையாளம் கண்டு, கைது செய்வதற்குப் பதிலாக, ரசிகர்களைப் போலக் குழைகிறார்கள். தங்கள் காரில் ஒட்டிய மண்டையோட்டைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். அவர் அதைக் கிழித்துப் போடுகிறார். நீங்கள் சட்டத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தவர்கள், நானும் நீங்களும் ஒன்றல்ல, முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவிடம் போங்கள் என்கிறார். என் வழியில் போனால் அடுத்து உங்களைத் தேடித்தான் வருவேன் என்றும் சொல்கிறார்.

இதை நானா எழுதினேன்? அவர் கேட்ட கதாநாயகன், அவர் கேட்ட தொகுப்பு. நல்ல பக்கத்தைக் காட்டுவது நூலக வேலைதானே. இப்படி யோசிக்கும்போது தைரியமாக இருக்கும். உடனே இன்னொன்று தோன்றும்: இத்தனை வருடத்தில் வேறு யாருக்காவது சீட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேனா? யார் எதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில் தலையிடக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

சூப்பர்மேனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1946இல் வானொலித் தொடர் ஒன்றில் ஒரு சீனக் குடும்பத்துக்காக, கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மாதிரியே அமைத்த வெறிக்கும்பலோடு மோதினார். பதினாறு பகுதிகள், எல்லாம் நேரடிப் பேச்சு, கேட்டவர்கள் சிறுவர்கள். பனிஷர் அப்படி இல்லை. 1974இல் ஸ்பைடர்மேனைக் கொல்ல வந்த ஆளாக அறிமுகமானவர், மாஃபியாக்காரர்களைச் சுட்டுத் தள்ளும் மலிவு நாவல் நாயகர்களின் சாயலில் பிறந்தவர். அவரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரி கான்வே, போலீஸ் வண்டியில் அந்த மண்டையோட்டை ஒட்டுவது தப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். 2022இல் அந்தக் காமிக்ஸை வெளியிடும் மார்வெல் நிறுவனமே பனிஷருக்குக் கொம்பு வைத்த வேறு சின்னத்தைக் கொடுத்துப் பார்த்தது. டி-ஷர்ட்டில் பழையதுதான் ஓடுகிறது.

அதனால்தான் அந்தப் பக்கத்தை நம்பினேன். சூப்பர்மேன் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள், தாங்கள் மார்பில் மாட்டிக்கொண்ட ஆளே சொன்னால் கேட்க மாட்டார்களா? அல்லது நான் சொல்லப் பயந்ததை, எண்ணற்ற பேரைக் கொன்ற ஒரு காகிதக் கொலைகாரனை விட்டுச் சொல்ல வைத்தேனா? "உங்கள் சட்டையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது." வாயால் சொல்வதென்றால் இவ்வளவுதான். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. மகன் அந்தப் பக்கத்தைப் படித்தானா என்றுகூட நான் கேட்கவில்லை.

போன வாரம் மறுபடி வந்தார். வரிப் படிவங்கள் எங்கே என்று கேட்டார். காட்டினேன். வெளியே நல்ல குளிர். கோட்டு ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டிருந்தார். உள்ளே என்ன சட்டையோ.