மேட்டர்ஹார்ன் பக்கம் ஓர் எல்லைக்கோடு

சுவிட்சர்லாந்தில், சூரிச்சில் வேலை பார்க்கும் தம்பி எங்களை ஜெர்மாட் என்ற மலையூருக்குக் கூட்டிப்போனான். பெட்ரோல் வண்டிக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். தெருவில் ஓடுவதெல்லாம் பேட்டரி வண்டி. தலையைத் தூக்கினால் மேட்டர்ஹார்ன் சிகரம், 4,478 மீட்டர். 1865-ல் முதன்முதலாக உச்சி தொட்ட ஏழு பேரில் நாலு பேர், இறங்கும்போது கயிறு அறுந்து செத்துப்போனார்கள். அந்தக் கயிற்றை ஊர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மெலிசு. இதை நம்பியா இறங்கினார்கள் என்று வயிற்றைப் பிசைந்தது.

கேபிள் காரில் 3,883 மீட்டர் உயரத்துக்கு ஏறினோம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பிளாஸ்டிக் பூட்டுகள் தடதடவென்று சத்தம் போட, ஸ்கீ பலகைகளைத் தோளில் சுமந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். இங்கே வருஷம் முழுக்கப் பனிச்சறுக்கு உண்டு. சறுக்கியபடியே இத்தாலிக்குள் செர்வினியா என்ற ஊர்வரை இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். 2023 முதல் எங்களைப் போல் சறுக்கத் தெரியாதவர்களும் கேபிள் காரிலேயே இத்தாலிப் பக்கம் போக முடிகிறது.

நாங்களும் போனோம். செக்போஸ்ட் எதுவும் கண்ணில் படவில்லை. இத்தாலிப் பக்கம் 1984-ல் கட்டிய ஒரு மலைவிடுதி இருக்கிறது. கட்டும்போது முழுக்க இத்தாலி மண்ணில்தான் இருந்தது. ஆனால் அங்கே நீர் பிரியும் முகடுதான் எல்லை. பனிப்பாறை உருக உருக முகடு நகர்ந்து, விடுதியில் பெரும்பகுதி சுவிட்சர்லாந்துக்குள் வந்துவிட்டது! இரண்டு நாடும் உட்கார்ந்து பேசி 2023-ல் புதுக் கோட்டுக்கு ஒத்துக்கொண்டன. மறுவருஷம் சுவிஸ் அரசு ஒப்புதல் கொடுத்தது.

மேலூர் வந்ததும் அப்பாவிடம் முதலில் சொன்னது இதைத்தான். பெரியாறு கால்வாயில் மடை திறந்து அடைக்கும் லஸ்கராக இருந்தவர். மேற்கே ஓடுகிற ஆற்றை 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால்தான் எங்கள் வயலில் நெல் விளைகிறது. அவருக்கு நீர் பிரியும் முகட்டை நான் விளக்க வேண்டியதே இல்லை.

"அங்கிட்டு இறங்குற தண்ணி எங்க போகுது தாயி?"

"ஜெர்மாட் பக்கம் விழுந்தா ரோன் ஆத்துல சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகுதுப்பா. இத்தாலிப் பக்கம் விழுந்தா போ ஆத்து வழியா அட்ரியாட்டிக் கடலுக்கு."

"கோடு எங்க வேணா இருக்கட்டும். ஐஸு தீந்துட்டா ரெண்டு பக்கத்துச் சம்சாரியும் கோடைக்கு என்ன செய்வான்?"

2022, 2023 என்ற இரண்டே வருஷத்தில் சுவிஸ் பனிப்பாறைகளில் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டதைச் சொன்னேன். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது.

"கம்மாய்க்கு மராமத்து பாக்குற மாதிரி இதுக்கு ஒண்ணும் பாக்க முடியாதா?"

ரோன் ஆறு பிறக்கிற பனிப்பாறையில் கோடைக்கு வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள், துணிக்கு அடியில் உருகுவது குறைகிறது என்றேன். மலை முழுக்கப் போர்த்த எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.