ஒரு வரிக் குறிப்பு இல்லாமல் போன இரண்டு சாயங்காலம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்ட மண்டபத்தில், படிவம் ஐந்தில் எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக ஆறு பழைய கணினிகள் வைத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம். கணினியின் அமைப்பைக் கோப்புகளில் எழுதி வைத்தால், நிக்ஸ் என்ற கருவி அதன்படி நிறுவிக் கொடுக்கும். நிறுவியது ஒரு நாள் வேலை. போன மாதம் புதுப்பிக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் என் மடிக்கணினியில் ஓடிய அதே அமைப்பு. அந்தக் கோப்புகளையும் அவற்றுக்கு வேண்டிய மென்பொருள் பதிப்புகளையும் கட்டிவைத்த தொகுப்புக்குப் பெயர் ஃபிளேக். மண்டபத்தில் அதைப் புதுப்பிக்க 'நிக்ஸ் ஃபிளேக் அப்டேட்' கொடுத்ததும், 'நிக்ஸ்-கமாண்ட்' என்ற பரிசோதனை அம்சம் முடக்கப்பட்டிருக்கிறது என்று சிவப்பில் ஒரு வரி. அது சொன்னபடியே இயக்கிப் பார்த்தேன். அடுத்து 'ஃபிளேக்ஸ்' முடக்கப்பட்டிருக்கிறது என்றது. இரண்டும் தனித்தனி அம்சங்கள், இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதற்குள் ஏழரை. "அண்ணே, இன்னைக்கு கிளாஸ் இருக்கா?" என்று வாசலில் நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. மனசே சரியில்லை.

வீட்டுக்கு வந்து தேடினால், என்றோ என் ஹோம் கோப்புறையில், எனக்கு மட்டும் பொருந்தும் நிக்ஸ்.கான்ஃப் கோப்பில் அந்த அனுமதியை எழுதி வைத்திருக்கிறேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான அமைப்பில் அது இல்லை. நிறுவும்போது இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு: அமைப்பைக் கணினியில் ஏற்றும் 'நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட்' கட்டளை இந்த அனுமதியைத் தானே கொடுத்துக்கொள்ளும்.

சரி, பரிசோதனை அம்சங்களுக்கென்று தனிக் கோப்பு எழுதினேன். மறுநாள் சாயங்காலம் மண்டபத்தில் ரீபில்ட் செய்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது! பெயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், ஒன்றரை மணி நேரம் போனது. பிறகுதான் புரிந்தது: கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் 'கிட்' கருவியின் களஞ்சியத்தில் இருக்கும் ஃபிளேக், கிட்டுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டுமே பார்க்கும். மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட் கூட வேண்டாம், கோப்பை கிட்டுக்குக் காட்டும் 'கிட் ஆட்' போதும். புதுக் கோப்பு சேர்த்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

2021 நவம்பரில் நிக்ஸ் 2.4-இல் வந்த ஃபிளேக்ஸ், இத்தனை பேர் பயன்படுத்தியும் பரிசோதனை என்ற முத்திரையோடுதான் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் இப்படி 'எக்ஸ்பெரிமெண்டல்' என்ற அமைப்பு இருந்தது. பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்கள் அதை எப்போதும் இயக்கியே வைத்ததால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லாமல் போய், 2013-இல் 3.9 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். எது பரிசோதனை, ஏன் பரிசோதனை என்று பக்கத்திலேயே எழுதாத முத்திரையால் யாருக்கும் பயனில்லை.

அதனால் என் கோப்பில் ஒவ்வொரு அம்சத்துக்கும் மேலே தமிழில் மூன்று வரி: எதற்காக இயக்கினோம், எடுத்தால் எது நிற்கும், எந்தப் பதிப்பில் சோதித்தோம். தேவைப்படாத அம்சம் ஒன்றுகூட அதில் கிடையாது.

அப்புறம் ஐந்து கணினியும் ஒரே மூச்சில் முடிந்தன. ஆறாவதற்கு நான் எழுந்திருக்கவே இல்லை. படிவம் ஐந்து மாணவி ஒருத்தி குறிப்பைப் படித்து, 'கிட் ஆட்' கொடுத்து, தானே முடித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, ரெண்டாவது வரியில, இந்த அம்சத்த எடுத்தா அப்டேட் நிக்கும்னு போட்டிருக்கீங்களே, எடுத்துப் பார்க்கவா?"