முடக்குவாதத்தோடு உடற்பயிற்சி: எனக்குப் பழகிய விதம்

மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று உறுதியானதும் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "உடம்பை அலட்டிக்காதே, பேசாமல் ஓய்வெடு." அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்த நோய்க்குப் படுக்கை ஓய்வைத்தான் சிகிச்சையாகச் சொன்னார்கள். அசைந்தால் மூட்டு இன்னும் கெடும் என்ற பயம்.

என் மூட்டுவாத மருத்துவர் சொன்னது அதற்கு நேர்மாறு. ஆனாலும் எடுத்த எடுப்பில் என்னைப் பயிற்சியில் இறக்கிவிடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. அது வேலை காட்ட 6 முதல் 12 வாரம் பிடிக்கும் என்றார். அதுவரை வீங்கியிருக்கும் மூட்டுகளை முடிந்த அளவு மெதுவாக மடக்கி நீட்டினால் போதும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'பயிற்சி செய்தால் மாத்திரையே வேண்டாம்' என்று ஆசை காட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற நோய் இது. எந்தப் பயிற்சியும் மருந்தின் இடத்தை நிரப்பாது.

அப்புறம் எதற்குப் பயிற்சி? பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே காட்டிக் கொடுத்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. முட்டி அன்று அவ்வளவாக வலிக்கவும் இல்லை. தொடையில் பலம்தான் இல்லை. அழற்சி தசையையும் கரைக்கும், வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும் என்றார். இந்த நோய் இருப்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நேரம் குறிப்பதில்தான் முதல் சிக்கல். உலகமே அதிகாலை நடையைப் புகழ்கிறது. எனக்கோ எழுந்து ஒரு மணி நேரம் ஆனாலும் விரல்கள் விறைத்தே இருக்கும். அந்த நேரத்தில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துக்கொண்டு விரல்களை அசைப்பதோடு சரி. மற்ற பயிற்சியெல்லாம் விறைப்பு விட்ட பிறகு, முற்பகலிலோ மாலையிலோ.

எவ்வளவு செய்வது என்பதற்குப் பிசியோதெரபிஸ்ட் ஒரு கணக்குக் கொடுத்தார். பயிற்சியால் கூடிய மூட்டுவலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த தடவை அளவைக் குறை. அதற்குள் அடங்கினால் அப்படியே தொடர். மறுநாள் தொடையிலோ தோளிலோ தசை பிடித்தாற்போல் இருந்தால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. மூட்டே சூடாகி வீங்கினால் அது வேறு சங்கதி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவே எனக்கு நாளாயிற்று. இன்றைக்கும் தோள்பட்டை விஷயத்தில் குழம்புவேன்.

நோய் சீறும் நாட்கள் வரும். அப்போது அளவைக் குறைக்கலாம், அடியோடு விடக்கூடாது என்பது ஏற்பாடு. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியை மடக்காமல் தொடையை மட்டும் ஐந்து விநாடி இறுக்கி விடுவேன். பிட்டத் தசைக்கும் அப்படியே. மூட்டு அசையாது, தசைக்கு வேலை கிடைக்கும். பார்ப்பவர்களுக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும்! வீங்கிய மூட்டுக்கு ரப்பர் பட்டையோ எடையோ அந்த நாட்களில் கிடையாது.

கைக்கான பயிற்சியை முதலில் அசட்டையாகத்தான் நினைத்தேன். பிரிட்டனில் 490 நோயாளிகளிடம் நடத்தி 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைப் பற்றி பிசியோதெரபிஸ்ட் சொன்னார். வழக்கமான சிகிச்சையோடு கைக்கான நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளையும் சேர்த்துச் செய்தவர்களின் கைகள் மற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்தன, வலியும் கூடவில்லை. உள்ளங்கையை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது எனக்குப் பிடித்த ஒன்று. இந்த நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும். அதற்கு எதிர்த்திசை அசைவு இது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் அது ஆகாது.

நடையில் தடை பாதம்தான். விரல்கள் தொடங்கும் இடத்தில் கூழாங்கல் மேல் மிதிப்பதுபோல இருக்கும். முன்பக்கம் அகலமான காலணிக்கு மாறினேன். பாதம் மோசமான நாட்களில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்டதும் மலைப்பாக இருந்தது. பத்துப் பத்து நிமிடமாக உடைத்துச் சேர்த்தபோது எட்டிவிட்டது, எல்லா வாரமும் இல்லை என்றாலும். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம்தான் அளவுகோல்.

யோகா சேரும் ஆசையைச் சொன்னபோது மருத்துவர் முதலில் கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதினார். முடக்குவாதம் கழுத்தின் உச்சியிலுள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்திவிடக் கூடும். அப்படி இருந்தால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. எனக்குக் கழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையில் எடை ஏறும் சிரசாசனம், கழுத்தை மடக்கும் சர்வாங்காசனம் இரண்டுக்கும் தடை. பின்தலை வலியோ, கைகால் மரத்துப்போவதோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார்.

ஏற்கெனவே கோணிய விரல் நேராகவில்லை. ஆகுமென்று யாரும் சொல்லவும் இல்லை. அசதி இன்னும் வருகிறது, முன்னளவு இல்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன். இப்போது எடைப் பயிற்சி தொடங்கியிருக்கிறேன். டம்பெல்லைப் பிடித்தால் விரல்கள் வலிக்கின்றன என்பதால், மணிக்கட்டில் கட்டும் எடைப் பட்டைகள்.