கடல் கயாக் லீடர் தேர்வு: எதைக் கட்டுவது, எதைக் கட்டாமல் விடுவது

கடலில் சிறு குழுக்களைக் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் அழைத்துச் செல்ல விரும்புகிறவர்களுக்குப் பிரிட்டனில் ‘சீ கயாக் லீடர்’ என்ற தகுதித் தேர்வு உண்டு. பிரிட்டிஷ் கனோயிங் என்ற பெயரில் இயங்கி, 2024-இல் பேடில் யுகே எனப் பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு இதை நடத்துகிறது. போஃபோர்ட் அளவுகோலில் 4-க்கு மிகாத காற்றிலும் மணிக்கு 2 கடல் மைலுக்கு (2 நாட்) மிகாத ஓத நீரோட்டத்திலும் ஒரு குழுவைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கரை சேர்க்க முடியுமா என்பதே இதில் சோதிக்கப்படுகிறது. தயாராகிறவர்களில் பெரும்பாலோர் ரோல் (கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது), மீட்பு, இழுவை, ஓதக் கணக்கு ஆகியவற்றுக்கே நேரத்தைச் செலவிடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் வேல்ஸின் ஆங்கில்சீ தீவின் மேற்குக் கரையில் நான் இத்தேர்வை எதிர்கொண்டபோது, தண்ணீரில் இறங்கும் முன்பே தேர்வாளர் கேட்ட கேள்விகளில் கணிசமானவை கயாக்கின் மேல்தளத்தில் என்னென்ன கட்டப்பட்டிருந்தன, அவை ஏன் அப்படிக் கட்டப்பட்டிருந்தன என்பதைப் பற்றியவை. இந்தப் பகுதிக்கு எப்படிப் படிக்கலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. இது அலையோடு போய்விட்டால் எனக்கு என்ன ஆகும்? போகாமல் கயிற்றோடு என்னுடனேயே இருந்தால், நான் தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தில் என்ன ஆகும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள்; தேர்வாளர் எதிர்பார்ப்பது இரண்டாவது கேள்விக்கான விடையைத்தான்.

துடுப்பைப் படகோடு பிணைக்கும் கயிறான லீஷ் குறித்துப் பிரிட்டிஷ் பயிற்றுநர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. கட்டவே கூடாது என்பவர்களும் கட்டாமல் கடலுக்குள் போகக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பின் காரணங்களையும் தெரிந்துகொண்டு, அன்றைய கடலுக்கு எது பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். கட்டுவதற்கான வலுவான காரணம் காற்று. மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வரை வீசும் போஃபோர்ட் 4 காற்றில், ஆள் இல்லாத கயாக், நீந்துபவர் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் அடித்துச் செல்லப்படும். கவிழ்ந்து வெளியே வந்தவர் துடுப்பை மட்டும் பிடித்திருந்தாலும், அது மேல்தளக் கயிற்றோடு பிணைக்கப்பட்டிருந்தால், படகும் அவருடனேயே நிற்கும். அவர் இரண்டையும் விட்டுவிட்டாலும், நீரில் கிடக்கும் துடுப்பு ஒரு சிறு கடல் நங்கூரமாக இழுத்துப் படகின் ஓட்டத்தைச் சற்றே குறைக்கும். மற்றவரை மீட்கும்போதும் இது உதவுகிறது. இரண்டு கைகளாலும் கவிழ்ந்த படகைத் தூக்கி நீரை வடிக்க வேண்டிய தருணத்தில் துடுப்பு எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.

எதிர்க் காரணம் அலை உடையும் இடத்தில் இருக்கிறது. உடைகிற அலை படகையும் துடுப்பையும் வெவ்வேறு வேகத்தில் புரட்டும்போது, அவற்றுக்கு இடையே உள்ள ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான கயிறு ஒரு சுருக்காகிறது. அந்தச் சுருக்குக்குள் கையோ கழுத்தோ மாட்டிக்கொள்ளலாம். அதனால் கரையில் ஏறும்போதும் இறங்கும்போதும், பாறைகளுக்கு இடையே புகும்போதும் நான் லீஷைக் கழற்றிவிடுகிறேன். திறந்த கடலில், காற்று உள்ள நாளில் மீண்டும் மாட்டிக்கொள்கிறேன். ஒரே பயணத்தில் இந்த முடிவு பல முறை மாறும் என்பதைத் தேர்வில் செய்து காட்டுவது, வாயால் விளக்குவதைவிட மதிப்புடையது. ட்ரெயார்தர் விரிகுடாவின் உட்பகுதியில் மாட்டியிருந்த கயிற்றை, அலை உடையும் கடற்கரையை நெருங்குமுன் தேர்வாளர் கேட்காமலேயே கழற்றி வைப்பவர், நீரைப் படிக்கத் தெரிந்தவர் என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும்.

லீஷின் மறுமுனையை எதில் மாட்டுவது என்பதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. மணிக்கட்டில் கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உட்காருமிடத்துக்கு முன்னால் உள்ள மேல்தளக் கயிற்றில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டும்போது, உட்காருமிடத்துக்குள் நீர் புகாமல் மூடும் ஸ்ப்ரே டெக்கைக் கழற்றுவதற்கான இழுப்புப் பட்டைக்கு மேலே கயிறு குறுக்காகப் போகக் கூடாது. கவிழ்ந்த நிலையில் அந்தப் பட்டையைத் தேடும் விரல்களுக்கு முதலில் லீஷ் அகப்பட்டால் விலைமதிப்பற்ற விநாடிகள் வீணாகும். வேல்ஸ் கடல் கோடையிலும் 16 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருப்பதால் விரல்கள் சீக்கிரம் மரத்துவிடும். லீஷை மாட்டும் சிறிய காரபைனர் கொக்கியைக் கரையில் எளிதாகத் திறக்கிறோம் என்பது தண்ணீருக்குள் திறப்போம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தடித்த கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு திறந்து பழகுங்கள். வாய் தானாக அழுந்தித் திறக்கும் காரபைனர் அருகில் உள்ள வேறு கயிற்றையும் தானே பற்றிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

லீஷ் என்றதும் எல்லோரும் துடுப்பைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது சரக்கறை மூடிகளைப் பிணைக்கும் சிறு கயிறு. மூடி ஒன்று கழன்று மிதந்து போனால், காற்று அடைந்து படகை மிதக்க வைக்கும் அறைக்குள் நீர் ஏறும்; அதன்பின் அந்தப் படகில் யாரையும் மீண்டும் ஏற்றி உட்கார வைப்பது கடினம். துடுப்பு போனால் மாற்றுத் துடுப்பு இருக்கிறது. மூடிக்கு மாற்று யாரும் கொண்டுவருவதில்லை. அரையடிக் கயிறுதான், எதிலும் சிக்குவதற்கு வழியில்லை, அதைக் கட்டாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது. இரவல் படகில் தேர்வுக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நீர் இறைக்கும் பம்பு, இரண்டாகப் பிரிந்த மாற்றுத் துடுப்பு, வரைபட உறை ஆகியவை நடுத்தரமானவை. இவற்றை எலாஸ்டிக் கயிற்றுக்கு அடியில் செருகிவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் முன்தளத்தின் மீது புரண்டு வரும் அலையின் வலிமையை உணராதவர்கள். மாற்றுத் துடுப்பை முடிந்தால் பின்தளத்துக்கு மாற்றலாம். வரைபட உறையை ஒரு முனையில் மட்டும் மாட்டினால் அது அலையில் புரண்டு முகத்தில் அடிக்கும். இரண்டு முனைகளிலும் மாட்டிச் சிறியதாக மடித்து வைப்பது நல்லது.

உடலோடு இருக்க வேண்டியவற்றை உடலோடுதான் கட்ட வேண்டும். பேசித் தொடர்புகொள்ளும் விஎச்எஃப் வானொலி, அவசர இருப்பிடக் கருவி, கத்தி ஆகியவை மேல்தளத்தில் இருந்தால், படகை இழந்தவர் அவற்றையும் இழக்கிறார். வானொலியை லைஃப் ஜாக்கெட்டின் பைக்குள் வைத்து, வாய்வரை எட்டும் அளவுக்கு மட்டும் கயிறு விடுங்கள். கழுத்தைச் சுற்றும் நீளம் வேண்டாம். 16-ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையை அழைக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கருவி கையை விட்டு நழுவக் கூடாது. அதன் கயிறே இடுப்பில் உள்ள இழுவைக் கயிற்றோடு சிக்கவும் கூடாது. இழுவைக் கயிறு மட்டும் உடலில் எப்போதும் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வார்ப்பட்டையில் இருக்க வேண்டும். தேர்வாளர் அதை எதிர்பாராத நேரத்தில் கழற்றச் சொல்வார்.

நின்றுகொண்டு துடுப்பு வலிக்கும் பலகைகளுக்கும் கயாக்குக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சொல்வதும் உண்டு. பலகையில் செல்பவருக்குப் பலகைதான் மிதவை, ஆகவே கடலில் லீஷ் இன்றியமையாதது. ஓடும் ஆற்றிலோ கணுக்காலில் கட்டிய லீஷ் கிளையிலோ தூணிலோ சிக்கினால், நீரோட்டத்தின் அழுத்தத்தில் குனிந்து கழற்ற முடியாது. ஓடும் நீரில் இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் விடுவிக்கக் கூடிய லீஷே ஏற்றது என்பது இப்போது பிரிட்டனில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் தடுப்பணையில் நிகழ்ந்த விபத்தால் பலகையோட்டிகள் நால்வர் இறந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் தீவிரமானது. உங்கள் குழுவில் ஒருவர் காலில் சுருள் லீஷோடு வந்து நின்றால் என்ன சொல்வீர்கள் என்பதற்கும் விடை வைத்திருங்கள்.

பயிற்சிக்கு முதலில் நீச்சல் குளம் போதும். எல்லாக் கயிறுகளையும் மாட்டியபடி கவிழ்ந்து, ரோல் செய்து, பிறகு ரோல் செய்யாமல் வெளியேறிப் பார்த்தால், துடுப்பின் தண்டில் சுற்றிக்கொள்ளும் கயிறு எது என்பது அன்றே தெரிந்துவிடும். அதன்பின் போர்த் தவர்க் போன்ற மறைவான விரிகுடாவில் காற்றுள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அனுபவமுள்ள துணையுடன் இதையே செய்து பாருங்கள். உப்பும் வெயிலும் எலாஸ்டிக்கைத் தளரச் செய்வதால் சிலர் தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுகிறார்கள். புதிய எலாஸ்டிக் பழையதைவிட இறுக்கமாக இழுக்கும். முழு வீச்சில் துடுப்பு வலிக்கும்போது தோளில் அது தெரியும். மாற்றிய பிறகு ஒரு முழுப் பயணமாவது அதோடு போய்வந்து, நீளத்தைச் சரிசெய்து, முடிச்சுகளை நனைந்த நிலையில் இன்னொரு முறை இறுக்கிவிட்டுத் தேர்வுக்குப் போகலாம்.