சோக் நட்டு: ஜனவரி மாத நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

மார்கழி பிறந்ததிலிருந்து வண்டி ஒரு நிலையில் இல்லை. விடியற்காலையில் ஒரே உதையில் எஞ்சின் உயிர் பெற்றுவிடுகிறது. சூடேறிய பிறகுதான் தொல்லை. வில்லிவாக்கம் தாண்டி சிக்னலில் நின்றால் எஞ்சின் ஓட்டம் ஏறி இறங்குகிறது, பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கிறது, டாங்கில் ஊற்றுவது எங்கே போகிறதென்று தெரியவில்லை.

இன்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனை முழுக்க உலர்ந்த கரி. தொட்ட விரல் கறுத்துவிட்டது. தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். அது சுத்தமாகவே இருந்தது. டார்ச் வெளிச்சத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சுற்றிப் பார்த்தபோதுதான், குளிரில் எஞ்சின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கின் கேபிள் நுனியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு தொங்குவது கண்ணில் பட்டது. கேபிளைக் கார்புரேட்டரோடு பிணைக்கும் நட்டின் தலை அது. கழுத்தோடு முறிந்து, மரையுள்ள பாதி கார்புரேட்டருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அண்ணன் 2006-இல் வாங்கிய 150 சிசி வண்டி. அவன் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனபோது என்னிடம் வந்தது. அம்பத்தூரில் எனக்குக் காலைப் பணி; ஆறு மணிக்கு உள்ளே இருக்கவேண்டும். எனக்குக் கை, கால் எல்லாம் இந்த வண்டிதான்.

ஜனவரி 5, ஞாயிறு

தெருமுனை மெக்கானிக் பாய் ஞாயிற்றுக்கிழமையிலும் கடை திறந்திருந்தார். "கார்புரேட்டரைக் கழற்றியே ஆகவேண்டும் தங்கச்சி" என்றார். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்த பெட்ரோலை வடித்து, இருபக்க ரப்பர்களின் கிளாம்பைத் தளர்த்தி வெளியே எடுத்தார்.

சென்னையில் வண்டி ஓட்டுபவர்கள் பலர் சோக்கைத் தொடுவதே இல்லை. மார்கழி, தை மாதக் காலைகளில் வெப்பம் இருபது டிகிரி அளவுக்கு இறங்கும்போதுதான் அதற்கு வேலை. ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும் உறுப்பு வண்டியையே முடக்குவது எப்படி என்று அம்மா கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

பழைய வகைக் கார்புரேட்டரில் காற்று வரும் வாயை ஒரு தகடு மறைக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிகும். எங்கள் வண்டியில் தகடு கிடையாது. பக்கவாட்டில் ஒரு தனிப் பாதை இருக்கிறது. அதன் வாயைச் சிறு பித்தளைத் தண்டு ஒன்று அடைத்திருக்கும். தண்டின் அடியில் ரப்பர் ஒட்டியிருக்கும். கைப்பிடியிலுள்ள நெம்புகோலை இழுத்தால் கேபிள் தண்டைத் தூக்கும், பாதை திறக்கும், கூடுதல் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும். நெம்புகோலை விட்டதும் ஒரு ஸ்பிரிங் தண்டைத் திரும்ப அழுத்தி அடைத்துவிடும். அந்த ஸ்பிரிங் முதுகை எதில் ஊன்றுகிறது? இந்தப் பிளாஸ்டிக் நட்டில். நட்டு முறிந்தால் ஸ்பிரிங்குக்கு ஊன்ற இடமில்லை. தண்டு தூக்கியபடியே நிற்கும். அதாவது, சோக் இழுத்துவிட்ட நிலையிலேயே நாள் முழுக்க வண்டி ஓடும். குளிர்ந்த எஞ்சின் உடனே கிளம்புவதும் சூடான எஞ்சின் தடுமாறுவதும் ஒரே காரணத்தால்தான்.

உள்ளே மாட்டிய பாதியை எடுத்த விதம் அருமை. பாய் ஒரு பழைய அரத்தின் பிடியைக் கழற்றினார். அரத்தின் வால் நான்கு பட்டையாக, நுனி நோக்கிக் கூம்பியிருக்கும். அதை உடைந்த நட்டின் துளையில் மெல்ல அழுத்தி, பட்டைகள் பிளாஸ்டிக்கைக் கவ்வியதும் இடப்பக்கமாகத் திருப்பினார். முழு வட்டமாக வெளியே வந்துவிட்டது. கார்புரேட்டரின் உள்மரையில் ஒரு கீறல் இல்லை. திருப்புளியைச் சூடாக்கி உருக்கி எடுக்கும் வழியும் உண்டாம். பெட்ரோல் ஈரம் காயாத பொருளிடம் நெருப்பைக் கொண்டு போகமாட்டேன் என்றார்.

முறிந்த தலையை வெயிலில் வைத்துப் பார்த்தேன். அறுகோணத்தின் இரண்டு முகங்களில் குறட்டின் பல் பதிந்த தடம் வரிவரியாக இருக்கிறது. எப்போதோ எவரோ ஓர் ஆள் கையால் இறுக்கவேண்டியதைக் குறட்டால் இறுக்கியிருக்கிறார். அன்று விழுந்த விரிசல் எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் வளர்ந்து இன்று முறிந்திருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

வில்லிவாக்கத்திலிருந்து மின்சார ரயில். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர். ரயிலில் குறையில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடப்பதுதான் இருட்டில் சங்கடம்.

உதிரிபாக விற்பனையாளர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். நட்டு தனியாக வராது, முழு கார்புரேட்டராகத்தான் வரும், அதுவும் இப்போது கையிருப்பில் இல்லை என்றார். சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக்குக்காகப் பழுதில்லாத ஒரு கார்புரேட்டரைத் தூக்கி எறியச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு புது பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே எரிபொருளை ஊசியால் பீச்சும் முறைக்கு மாறிவிட்டன. அதற்கு முன் வந்த கார்புரேட்டர் வண்டிகள் இந்த ஊரில் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் என்னைப் போல் மாதச் சம்பளக்காரர்கள். சிறு உறுப்புகளைத் தனியாக விற்பது அவர்களுக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை.

ஜனவரி 8, புதன்

பணி முடிந்ததும் எழும்பூர் வழியாகப் புதுப்பேட்டை போனேன். கூவத்தின் கரையில், ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில், பிரித்த வண்டிகளின் உறுப்புகள் வகைவகையாகக் குவிந்து கிடக்கின்றன. சைலன்சருக்கு ஒரு கடை, ஹெட்லைட்டுக்கு ஒரு கடை. கார்புரேட்டர் கடைக்காரர் ஒரு கோணி நிறைய எடுத்துக் கொட்டினார். என் வண்டியின் கார்புரேட்டர்களும் அதில் இருந்தன. ஒரு நட்டு நல்லதாகத் தெரிந்தது. நகத்தால் தடவியதும் கழுத்தில் மயிரிழை விரிசல் தட்டுப்பட்டது. கடைக்காரர் தானே அதை வாங்கிப் பார்த்து, "வேண்டாம்மா, இதை உங்களுக்கு விற்கமாட்டேன்" என்று ஒதுக்கி வைத்தார். ஒரே வயதுள்ள பிளாஸ்டிக் ஒரே மாதிரிதான் மூப்படைகிறது.

அங்கிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. புது உதிரிபாகக் கடைகள். சில வண்டிகளுக்குச் சோக் கேபிளோடே நட்டும் சேர்ந்து வரும். என் வண்டியின் கேபிள் வெறுங்கேபிள். வேறொரு வண்டியின் நட்டைக் காட்டினார்கள். விட்டம் சரி, மரை நெருக்கம் வேறு. ஒரு சுற்று ஏறி இறுகிக்கொண்டது. பலவந்தப்படுத்தியிருந்தால் உள்மரை போயிருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

ஆளாளுக்கு ஒரு யோசனை. உடனடிப் பசை போட்டு ஒட்டு என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். உடைந்த நட்டு அசிட்டால் வகைப் பிளாஸ்டிக். வழவழப்பான அந்த மேற்பரப்பில் பசை பிடிப்பதில்லை. பிடித்தாலும் ஸ்பிரிங் நாள் முழுக்கத் தள்ளும் இடத்தில் எத்தனை நாள் நிற்கும்? பொறியியல் படிக்கும் சித்தி மகன் முப்பரிமாண அச்சில் எடுத்துத் தருகிறேன் என்றான். ஆசையாகச் சொன்னான். ஆனால் கல்லூரியில் அவர்கள் பயன்படுத்தும் பி.எல்.ஏ. இழை அறுபது டிகிரியிலேயே இளகத் தொடங்கும். எஞ்சின் பக்கத்தில் அது தாங்காது. ஏ.பி.எஸ். சூட்டைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானதிலிருந்து கலப்பின் அளவு கூடிக்கொண்டே வருகிறது. பழைய ரப்பரும் பிளாஸ்டிக்கும் எதைத் தாங்கும் என்று பார்த்துத்தான் இனி எதையும் பொருத்தவேண்டும்.

பாய் ஒரே சொல்லில் முடித்தார்: "லேத்துக்குப் போங்கள்."

ஜனவரி 11, சனி

அயனாவரத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை. பெரியவர் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். 1856-இல் தொடங்கிய ரயில்வே பட்டறை அது. அங்கே கற்ற கைக்கு ஒரு நிதானம் இருக்கிறது. பாயும் கூட வந்திருந்தார்.

"பித்தளையில் கடைந்துவிடுங்கள் ஐயா, ஆயுசுக்கும் உடையாது" என்றார் பாய்.

பெரியவர் கார்புரேட்டரைக் கையில் வாங்கி உள்மரையைப் பார்த்தார். "உடையாது, சரி. நாளைக்கு இன்னொருவன் குறட்டைப் போட்டு இறுக்கினால் எது போகும்?"

பாய் பதில் சொல்லவில்லை.

"இது அச்சில் வார்த்த உடம்பு. இதன் மரை போனால் கார்புரேட்டரே போயிற்று. நட்டு பிளாஸ்டிக்காக இருப்பது சும்மா இல்லை அம்மா. இரண்டில் ஒன்று போகவேண்டுமென்றால் விலை குறைந்தது போகட்டும் என்றுதான்."

இந்த ஒரு பேச்சுக்காகவே நான் எத்தனை கடை வேண்டுமானாலும் ஏறி இறங்கியிருப்பேன். பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று நினைத்து, அங்கே உலோகத்தைப் பொருத்திப் பெருமைப்படுபவர்கள் நிறையப் பேர். எது முதலில் உடையவேண்டும் என்று யோசித்து வைத்த ஒரு வடிவமைப்பாளர் எங்கோ இருந்திருக்கிறார். அவருடைய எண்ணத்தை இந்தப் பெரியவர் ஒரு பார்வையில் படித்துவிட்டார்.

அசிட்டால் கம்பித்துண்டு அவரிடமே இருந்தது, வெள்ளை நிறம். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும், இது அவ்வளவாக உப்பாது என்றார். பழைய மரையில், நெருக்கம் அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தார்: 12 மி.மீ. விட்டம், 1 மி.மீ. நெருக்கம். ஸ்பிரிங் ஊன்றும் உள்படியின் ஆழத்தை வெர்னியரில் இரண்டு முறை அளந்தார். அது கூடினால் ஸ்பிரிங் தளர்ந்து தண்டு சரியாக அடைக்காது. குறைந்தால் தண்டு முழுதாக எழும்பாது.

பிறகு கடைசல். உளி பட்டதும் வெள்ளைச் சுருள் அறுபடாமல் இடியாப்பமாக இறங்கிக் குவிந்தது. மரை வெட்டும்போது, துண்டைக் கவ்வியிருக்கும் சக் என்ற பிடியைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு முறையும் மயிரளவு மட்டும் ஆழப்படுத்தினார். கழுத்து வந்தபோது நிறுத்தி, உளியை மாற்றினார். பழைய நட்டில் மரை முடிந்து தலை தொடங்கும் இடம் கூர்மையான மூலையாக இருந்தது; விரிசல் பிறந்தது அங்கேதான். புதியதில் அந்த மூலையைச் சிறு வளைவாக விட்டார். "ரயில் அச்சில் கழுத்தைக் கூராக விட்டால் மேலதிகாரி சும்மா விடுவாரா?" என்றார். எத்தனையோ பேர் உட்கார்ந்து போகும் பெட்டியின் அச்சுக்குக் காட்டிய கவனத்தை என் சோக் நட்டுக்கும் காட்டினார் அந்த மனிதர்.

அறுகோணத் தலைக்கு மில்லிங் இயந்திரம் இல்லை. சக்கின் மூன்று தாடைகளையே அளவாக வைத்துக்கொண்டார். லேத் படுக்கையின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ஒரு தாடை அதில் அமரும்படி சக்கைத் திருப்பி, மேல் முகத்தை அரத்தால் தட்டையாக்கினார். அடுத்த தாடை, அதற்கடுத்த தாடை. மூன்று முகம் ஆயிற்று. கட்டையை எதிர்ப்பக்கம் மாற்றி வைத்தார். மிச்ச மூன்றும் வந்துவிட்டன. வெர்னியரில் எதிரெதிர் முகங்களை அளந்து பார்த்தேன். அளவு பிசகவில்லை.

கூலியாக அவர் கேட்டது கூச்சப்படவைக்கும் தொகை. கூடுதலாகவே கொடுத்தேன், மிச்சக் கம்பியில் இன்னும் சில கடைந்து தரச் சொல்லி.

ஜனவரி 12, ஞாயிறு

பொருத்தியாயிற்று. தண்டின் அடி ரப்பரைப் பார்த்தோம், வெடிப்பில்லை. கிண்ணத்தின் பாக்கிங் மட்டும் ஊதியிருந்தது, மாற்றினோம். கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்ச்சி விட்டார் பாய். அது இல்லையென்றால் கைப்பிடியை முழுக்கத் திருப்பும்போது கேபிள் இழுபட்டுத் தண்டு தூக்கிக்கொள்ளும். புது பிளக்.

எஞ்சின் சூடானதும் ஓட்டம் சீராக நின்றது. பெட்ரோல் நெடி இல்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

விடிவதற்குள் தெருவெல்லாம் புகை. ஐந்தேகால் மணிக்கு சோக்கை இழுத்தேன், ஆக்சிலரேட்டர் முறுக்கைத் தொடவில்லை. முறுக்கினால் உறிஞ்சும் விசை குறைந்து அந்தப் பக்கப் பாதை வேலை செய்யாது. முதல் உதையில் கிளம்பியது. சிறிது நேரத்தில் சோக்கை விட்டேன். ஓட்டம் உடனே இறங்கி நிதானப்பட்டது. பாடி வரைக்கும் ஒரு தடுமாற்றம் இல்லை.

ஜனவரி 18, சனி

பொங்கல் முடிந்து பட்டறை திறந்ததும் மிச்ச நட்டுகளை வாங்கி வந்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: இளம்பழுப்பு. கலவை சரியாக எரிகிறது.

இதே வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சோக் நட்டை விரலால் இறுக்குங்கள், விரல் நின்ற பிறகு ஸ்பேனரால் கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு தொடல், அவ்வளவுதான். குறட்டை அருகில் கொண்டுபோக விடாதீர்கள். சர்வீஸ் முடிந்து வண்டி வந்ததும் கேபிளை லேசாக அசைத்து, நட்டின் தலை கூடவே ஆடுகிறதா என்று பாருங்கள்.

அளவுகள் எல்லாவற்றையும் படமாக வரைந்து பாயின் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு நட்டுகளை அவரிடம் கொடுத்தேன். இன்று மாலையே ஒன்று செலவாகிவிட்டது. கொளத்தூரிலிருந்து வந்த பால்காரர் ஒருவரின் வண்டி.